யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளும் ஒடியற்கூழும்: முதன்முறை போகிறவர்களுக்கு

முதல் தடவை யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் இருந்துவிட்டுப் பசியோடு திரும்பியவன் நான். வயிறு காயவில்லை. எதைச் சாப்பிடலாம் என்று போனேனோ, அது மட்டும் கிடைக்கவில்லை. இறங்கிய அன்று போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை, தங்கிய வீட்டில் அடுப்பில் மீனே ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் பிடித்த மழை இரவு வரை விடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு கொத்துரொட்டியைத் தின்றுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினோம்.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் நானும் என் மனைவியும் மறுபடி போனோம். இம்முறை நாள் பார்த்து, ஆள் கேட்டு, சைக்கிள் பிடித்துப் போனதால் கிடைத்தவை வேறு. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம்; அதனால் ஆவணங்கள், பயண வழி பற்றிய பகுதிகள் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குத்தான் கூடுதலாகப் பயன்படும். மற்றவை எங்கிருந்து போகிறவருக்கும் பொருந்தும்.

1. மாதத்தைப் பாருங்கள், பிறகு கிழமையை

ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான். ஊர் தட்டையான ஊர். மழைநீர் ஓட இடமில்லாமல் பள்ளமான ஒழுங்கைகளில் (நம் ஊர்ச் சந்துகள்) முழங்கால் அளவுக்கு நிற்கும். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி முதல் வாரம் வரை நல்ல காலம். சித்திரைக்குப் பிறகு வெயில் தாங்காது என்றாலும், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்காக வைகாசி, ஆனியில் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா, 25 நாள். தேர் பார்க்க வேண்டும் என்றால் போங்கள்; ஆனால் அறையை மாதக்கணக்கில் முன்னால் பிடித்துவிடுங்கள். கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டிகளை விட மாட்டார்கள். பல வீடுகளில் திருவிழா முடியும்வரை மீனும் இறைச்சியும் இல்லை. நண்டுக்காகப் போகிறவருக்கு அது காலமல்ல.

கிழமை இதைவிட முக்கியம், யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று இறைச்சிக்கும் மதுவுக்கும் விற்பனைத் தடை. வெள்ளிக்கிழமை பெரும்பாலான சைவ வீடுகளில் மரக்கறி, சிலர் வீட்டில் செவ்வாயும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவர்கள் பலர் கடலுக்குப் போவதில்லை. அதனால் திங்கள் காலை மீன் சந்தை மெலிந்திருக்கும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் செவ்வாய் மாலை இறங்கி, புதனும் வியாழனும் சாப்பாட்டுக்கு, வெள்ளி கோவிலுக்கும் ஒழுங்கைகளுக்கும், சனி மறுபடி கடற்கரைக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

2. ஆவணங்கள்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கியிருக்க வேண்டும். இலங்கைக்குப் போக மின்னணுப் பயண அனுமதி வேண்டும்; அதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போன நண்பர் சொன்னதை நம்பாமல் அரசுத் தளத்திலேயே பாருங்கள்.

இதில் இரண்டு பள்ளங்கள். முதலாவது, தேடும்போது மேலே வந்து நிற்கும் தளங்களில் பல தரகர்களுடையவை. அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் கூட. முகவரி இலங்கை அரசின் முகவரியாக முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் பார்க்கவில்லை, கட்டினேன்.

இரண்டாவது, நம்முடைய தலைப்பெழுத்து. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலி. முழுப்பெயரும் பெயர் கட்டத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டுத் தொலைத்தேன். டிக்கெட்டில் ஒரு பெயர், அனுமதியில் ஒரு பெயர். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக இருக்குமே, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே மூன்று இடத்திலும் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் நகல் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: தங்குமிடத்துக்கு ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று, பையில் ஒன்று. தங்கும் வீட்டின் முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் தாளில் இருக்கட்டும். குடிவரவில் கேட்கும்போது போனில் மின்சாரம் போய்விட்டது என்று சொல்லி நிற்பது அழகில்லை.

3. எந்த வழி

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் சிறிய விமானங்கள் வருகின்றன. பறப்பது சிறிது நேரம்தான். விமானம் சின்னது என்பதால் பெட்டியின் எடையில் கறார் அதிகம். திரும்பி வரும்போது இது உங்களைக் கடிக்கும், கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி தொடங்கிய சேவை. பருவமழை மாதங்களில் ஓடாது. மற்ற மாதங்களிலும் கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். கப்பலில் போகிறவர் திரும்பும் நாளுக்கு அடுத்த நாளே அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று திட்டம் போடக்கூடாது.

கொழும்பு வழியாக வருகிறவர்களுக்கு ரயில், பஸ் இரண்டும் உண்டு. தூரம் 400 கிலோமீட்டர் அளவு. ரயிலில் பதிவு ஒரு மாதம் முன்னால் திறக்கும். வார இறுதி இருக்கைகள் உடனே தீர்ந்துபோகும். வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு பஸ்கள் விடியும் முன்பே யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும். விடியற்காலை நாலரை மணிக்கு இறங்கி எங்கே போவது என்பதை முன்பே தங்கும் வீட்டில் பேசி வையுங்கள். நாங்கள் பேசவில்லை. பஸ் நிலையத்தில் ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் இரண்டு முறை மேசையைத் துடைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

4. பணம்

இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. அதனால் விலையைக் கேட்டதும் திடுக்கிட வேண்டாம், மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் அட்டை செல்லும், சில இடங்களில் நம் ஊர்க் கைப்பேசிப் பணமும் செல்கிறது. வடைக்கும் ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் கையில் காசு வேண்டும். ஐயாயிரம் ரூபாய்த் தாளைத் தேநீர்க்கடையில் நீட்டாதீர்கள். வங்கி இயந்திரத்தில் எடுக்கும்போதே 4,500, 9,500 என்று எடுத்தால் சில்லறை சேர்ந்து வரும்.

நான் கொடுத்தவற்றை எழுதி வைத்திருக்கிறேன், எல்லாம் இலங்கை ரூபாயில்: வீட்டோடு சேர்ந்த அறை, இருவருக்குக் காலை உணவுடன் 6,500. சைக்கிள் ஒரு நாளுக்கு 800. பால் விடாத தேநீர் 50. வாழையிலையில் மதியச் சைவச் சாப்பாடு 450. கொத்துரொட்டி 900. பஸ் நிலையத்திலிருந்து நல்லூருக்கு ஓட்டோ 350. நீங்கள் போகும்போது கூடியிருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. ஓட்டோவுக்கு ஏறும் முன் விலை பேசுங்கள், அல்லது பிக்மி செயலியில் கூப்பிடுங்கள். முதல் நாள் விடியலில் இதே தூரத்துக்கு 1,200 கொடுத்தேன்.

5. அறையை அல்ல, சமையலறையைப் பார்த்து வீடு பிடியுங்கள்

முதல் பயணத்தில் நான் செய்த பெரிய தவறு, குளிர்சாதன அறையும் நீச்சல் குளமும் பார்த்து ஹோட்டல் பிடித்தது. இடையில் அதை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்கு மாறியதால்தான் யாழ்ப்பாணத்தின் சாப்பாடு எங்கே இருக்கிறது என்பதே தெரிந்தது. கடைகளில் கிடைப்பது கொத்து, பிரியாணி, பொரித்த கோழி. புட்டும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கணவாயும் வீடுகளில்தான் சரியான பதத்தில் இருக்கின்றன.

ஆகவே நல்லூர், திருநெல்வேலி, சுண்டிக்குளி பக்கம் குடும்பமே நடத்தும் தங்குமிடமாகப் பாருங்கள். (ஆமாம், அங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். முதன்முதல் பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயரைப் பார்த்தபோது ஒரு கணம் எனக்குத் தாமிரபரணி ஓடியது.) பிடிப்பதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: இரவுச் சாப்பாடு சமைத்துத் தருவீர்களா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டு வைப்பது) வைப்பீர்களா. மூன்றாவது கேள்விக்கு மறுமுனையில் குரல் மலர்ந்தால் அந்த வீட்டையே பிடியுங்கள்.

6. ஐந்தாறு சொற்கள்

தமிழர் ஊர்தானே, மொழிச் சிக்கல் என்ன வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். என் மனைவி சைவம். முதல் நாள் மதியம் கடையில் உட்கார்ந்ததும் தெளிவாகச் சொன்னாள்: “எனக்குக் கறி வேண்டாம்.” பரிமாறியவர் அவளைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். பிறகு வெறும் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நம் ஊரில் கறி என்றால் இறைச்சி. அங்கே பூசணிக்காயும் கறி, பருப்பும் கறி. வேண்டாம் என்று சொன்னால் எதுவும் வராது.

“மரக்கறிச் சாப்பாடு” அல்லது “சைவச் சாப்பாடு” என்று கேளுங்கள். மீன், இறைச்சி சேர்ந்தது மச்சச் சாப்பாடு. காரம் என்பதற்கு உறைப்பு. “உறைப்புக் குறைவாக” என்று சொன்னால் குறைப்பார்கள். அவர்களுடைய குறைவு உங்களுடைய அதிகம் என்பதையும் மனத்தில் வையுங்கள். தேநீரில் போடுவது சீனி. சர்க்கரை என்றால் வெல்லம் போன்றது. நாம் பிரெட் என்று வாங்குவதற்கு பாண். பேசுவது கதைப்பது. சந்து என்று கேட்டால் விழிப்பார்கள், ஒழுங்கை. அதிலும் ஒடுங்கியது குச்சொழுங்கை. வீட்டு வாசல் கதவு படலை, வீட்டைச் சுற்றிய நிலம் வளவு.

வயதில் மூத்த ஆணை “அண்ணை” என்றும் பெண்ணை “அக்கா” என்றும், இன்னும் மூத்தவர்களை “ஐயா”, “அம்மா” என்றும் அழைத்துக் கேளுங்கள். சின்னப் பையனிடம்கூட “நீங்கள்” என்றே பேசுங்கள். அங்கே அப்படித்தான், நம் ஊர் “நீ” கொஞ்சம் உரசும்.

மரக்கறிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தேநீர்க்கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை, பணிஸ் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு. கட்லட்டில் மீன் இருக்கும். மரக்கறி ரோலும் மீன் ரோலும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். சம்பலில் மாசிக்கருவாடு விழுந்திருக்கலாம். சைவக் கடை என்று பலகை போட்ட இடத்தில் இந்தக் கவலை இல்லை. அந்தத் தட்டில் முட்டை வைத்துச் சுருட்டிய பெரிய ரோல் ஒன்று இருந்தால் அதன் பெயர் மிதிவெடி. போர் முடிந்த ஊரில் ஒரு பலகாரத்துக்கு இப்படிப் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டே விற்கிறார்கள். நான் சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு தின்றேன்.

7. சைக்கிள் எடுங்கள்

மேடே இல்லாத ஊர். ஒழுங்கைகளுக்குள் காரும் ஓட்டோவும் நுழைந்தால் திரும்ப இடம் கிடைக்காது. மோட்டார் சைக்கிள் வாடகைக்குத் தருவார்கள்; ஆனால் இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது, அதற்கென்று தனி அனுமதி வேண்டும். வாடகைக்குத் தருகிறவர் “பரவாயில்லை” என்பார். வீதியில் நிற்கும் போலீஸ்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். விபத்து நடந்தால் காப்பீடும் கிடைக்காது.

சைக்கிள் எடுக்கும் முன் பிரேக், மணி, பூட்டு, பின்சக்கரத்தில் காற்று நான்கையும் பாருங்கள். விளக்கு பெரும்பாலும் இருக்காது, ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். காலை ஆறு முதல் பத்து வரை, மாலை நாலு முதல் ஆறரை வரை ஓடுங்கள். நடுவெயிலில் ஊர்க்காரர் யாரும் ஒழுங்கையில் இல்லை என்பதைக் கவனித்தாலே புரியும்.

8. எந்த ஒழுங்கைகள்

நாங்கள் மூன்று சுற்றாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் சுற்று நல்லூர்ப் பக்கம், காலையில். முத்திரைச் சந்தியில் தொடங்கி சட்டநாதர் கோவில், மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு, யமுனா ஏரி என்று எல்லாம் நடக்கும் தூரத்துக்குள். யமுனா ஏரி பெரிய வீதியிலிருந்து தெரியாது. ப வடிவத்தில் கட்டிய குளம், வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மந்திரிமனையின் சுவர்கள் உறுதியாக இல்லை, வெளியில் நின்று பாருங்கள். பிறகு கந்தசுவாமி கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது. பூசை மணியடித்தாற்போல் நேரத்துக்கு நடக்கும், ஐந்து நிமிடம் தாமதித்துப் போனால் முடிந்திருக்கும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு இன்றும் எதையாவது தருகிற இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வெளியே வந்தால் பக்கத்தில் ரியோவில் ஐஸ்கிரீம். பிள்ளைகள் கூட வந்தால் தப்ப முடியாது.

இரண்டாம் சுற்று பெரிய கடைப் பக்கம். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள், சந்தைக்குள் பனங்கட்டி (கருப்பட்டி), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), சுருட்டு விற்கும் வரிசைகள், அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோவில், மேற்கே சோனகத் தெருவும் ஐந்து சந்தியும். மதியத்துக்கு மலாயன் கஃபே. பளிங்கு மேசை, வாழையிலை, மரக்கறி. பன்னிரண்டரைக்கு முன் போனால் இடம் கிடைக்கும். கோட்டையும் பொது நூலகமும் இந்தப் பக்கம்தான். கோட்டைச் சுவரில் நிழலே கிடையாது, மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூலகம் படிக்கிறவர்களுடைய இடம். எங்களை மாலையில் வரச் சொன்னார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: பிரதான வீதியிலிருந்து மரியன்னை பேராலயம் வழியாகக் குருநகர், அங்கிருந்து கடற்கரையோடு பாசையூர். ஆறு மணிக்கே போய்விடுங்கள். படகுகள் கரைக்கு வந்து, மீன் ஏலம் போய்க்கொண்டிருக்கும். ஏலத்தின் நடுவில் போய் நின்று படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. ஓரமாக நின்று, கேட்டுவிட்டு எடுங்கள். தங்கும் வீட்டு அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் நண்டு என்ன விலைக்கு வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று சொல்லி அனுப்புவார். கையில் தூக்கிப் பார்த்து கனமாக இருப்பதை எடு என்றார் எங்கள் வீட்டு அம்மா. எடுத்தோம். சமைத்த பிறகு ஓட்டை உடைத்தால் காலுக்குள்ளும் சதை நிறைந்திருந்தது.

ஒழுங்கைகளில் போகும்போது கைப்பேசி வரைபடத்தை முழுதாக நம்பாதீர்கள். வரைபடம் நேராகப் போ என்றது; போனோம். இரண்டு பக்கமும் கிடுகு வேலி, தகர வேலி, மறுபடி கிடுகு. ஒழுங்கை ஒடுங்கிக்கொண்டே போய் ஒரு படலையில் முடிந்தது. வீட்டுக்காரரின் படலை. மரச்சட்டத்தில் பனையோலை கட்டி, பூட்டுக்குப் பதில் சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாக மாட்டியிருந்தார்கள். நாங்கள் சைக்கிளைத் திருப்ப முடியாமல் திண்டாடும் சத்தம் கேட்டு ஒரு வயதான அம்மா வந்தார். “தம்பி, யாரைத் தேடுகிறீர்கள்?” யாரையும் இல்லை, யமுனா ஏரியை என்றேன். அவர் சிரிக்கவில்லை. வளையத்தைக் கழற்றிப் படலையைத் திறந்து, கிணற்றடி வழியாக எங்களை நடத்திக்கொண்டுபோய், வளவின் மறுபக்கத்துப் படலையால் அடுத்த வீதியில் விட்டார். போகிற வழியில் செம்பில் தண்ணீரும் தந்தார்.

இது எல்லா முறையும் நடக்காது. திறந்து கிடந்தாலும் படலையைத் தாண்டாதீர்கள். கூரை இல்லாமல், சுவரில் மரம் முளைத்து நிற்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. வெறும் இடிபாடு என்று நினைத்து உள்ளே போய்ப் படம் எடுக்கிறார்கள். அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், பலர் கடல் கடந்து. உள்ளே கட்டுச்சுவர் இல்லாத கிணறும் இருக்கலாம். இராணுவ முகாம், காவல் அரண் எதையும் படம் எடுக்க வேண்டாம். வழி கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். சந்தி, கோவில், பள்ளிக்கூடம் இவைதான் அடையாளம். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

9. வேளை தவறினால் கிடைக்காது

இடியப்பமும் புட்டும் காலையிலும் இரவிலும்தான். பதினொரு மணிக்கு எழுந்து இடியப்பம் கேட்டால் இல்லை. மதியம் சோறு, பன்னிரண்டு முதல் இரண்டு வரை. கொத்து மாலைக்குப் பிறகு. இரும்புத் தகட்டில் தட்டும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். எட்டரைக்கு மேல் பல கடைகள் படுத்துவிடும், உள் வீதிகள் அதற்கும் முன்பே.

பருத்தித்துறைக்கு ஒரு நாள் பஸ்ஸில் போனால் தட்டை வடை வாங்கலாம், தெருவின் மேலேயே கூரை போட்டு நிற்கும் தெருமூடி மடத்தையும் பார்க்கலாம். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டும் குறிகாட்டுவானிலிருந்து படகில். அவற்றுக்குத் தனி நாள் வேண்டும். ஒழுங்கைச் சுற்றோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

10. கூழுக்கு ஒரு நாள் முன்பே சொல்லுங்கள்

பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கி, கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவிட்டு இறுத்து எடுக்க வேண்டும். மீன் தலை, நண்டு, இறால் விடிகாலையில் வாங்க வேண்டும். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை வெட்ட வேண்டும். இரண்டு பேருக்காக யாரும் வைக்க மாட்டார்கள், எட்டுப் பேருக்கு ஒரு பானை. எனவே முதல் நாள் காலையிலேயே சொல்லுங்கள், தங்கியிருக்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சுவிஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்தோம். ஆளுக்கு 1,500 ரூபாய் வந்தது.

மாலை ஐந்து மணிக்கு முற்றத்தில் பானையை இறக்கினார்கள். பனையோலையை மடித்துப் பிளா செய்து கையில் தந்தார்கள். ஊற்றியதும் ஓலை மணமும் புளியும் செத்தல் மிளகாயும் ஒன்றாக மூக்கில் ஏறும். உறிஞ்ச வேண்டும், கரண்டி கிடையாது. பக்கத்தில் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் வைப்பார்கள். உறைப்பு ஏறும்போது ஒரு கடி. மூன்றாம் பிளாவில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டு அம்மா, இன்றைக்கு உங்களுக்காக மிளகாயைக் குறைத்தேன் என்றார். என் மனைவிக்கு மீன் போடாமல் தனியாகச் சிறு பானையில் வைத்தார்கள். அதற்கும் முன்பே சொல்ல வேண்டும்.

கூழ் குடித்த அன்று இரவுச் சாப்பாடு சொல்லாதீர்கள். வயிற்றுப் பழக்கம் இல்லாதவர்கள் மறுநாள் காலை பயணமும் வைக்காதீர்கள்.

11. கொண்டுவருவது

வாங்கத் தக்கவை: வறுத்து அரைத்த யாழ்ப்பாணக் கறித்தூள், ஓலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி, ஒடியல் மா, நெல்லிரசம், மோர்மிளகாய். சந்தையிலும் வாங்கலாம், பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடைகளிலும் வாங்கலாம். கருவாடு வாங்க ஆசை வரும். விமானத்தில் போகிறவர் ஆசையை அடக்குவது நல்லது. புட்டிகளைக் கைப்பையில் வைத்தால் பலாலியில் எடுத்துவிடுவார்கள், பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியை வீட்டிலேயே தராசில் போட்டுப் பாருங்கள். நகரத்திலிருந்து பலாலிக்கு அரை மணிக்கு மேல் ஆகும், ஓட்டோவை முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள்.

தூளை இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, வாயை நூலால் கட்டி, அதன் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றுங்கள். நான் ஒரே பையில் வைத்தேன். அந்தப் பெட்டியில் வந்த வெள்ளைச் சட்டை இன்னும் தூள் நிறத்தில்தான் இருக்கிறது.